அழித்தலும் மறைத்தலும்

ஒரு சொல் தான் குறிக்கும் பொருளோடு பொருந்தி நிற்றல் வேண்டும் என்பது இலக்கணம் கற்றோர் அனைவர்க்கும் உடன்பாடு. கணிப்பொறியில் ஒரு கோப்பைத் தேர்ந்து, 'அழி' என்னும் கட்டளையை இடுகின்றோம். கோப்பு கண்ணினின்று மறைகின்றது. அழிந்தொழிந்தது என்று நம்புகின்றோம். உண்மையில் அழிந்தது யாது? அதன் பெயர்ப்பதிவு மட்டுமே. சொற்பிழையால் செய்யுளின் சுவை கெடும். இச்சொற்பிழையாலோ மக்களின் மானமும் பொருளும் கெடக்கூடும். ஆதலின் இதனைச் சற்று விரித்து நோக்குதல் தகும்.

ஊர்க்கணக்கர் ஒருவர், தம் பதிவேட்டில் ஒரு வீட்டின் எண்ணை அடித்துவிட்டு, 'வெற்றுமனை' என்று எழுதிவைக்கின்றார் எனக் கொள்க. வீடு இடிந்துவிடுமோ? சுவரும் கூரையும் உள்ளிருக்கும் பண்டங்களும் அவ்வாறே இருக்கும். வேறொருவர் அம்மனையில் புதுவீடு கட்டும்வரை, பழைய வீட்டினுள் எவரும் புகுந்து பார்க்கலாம். கணிப்பொறியின் வன்வட்டும் இத்தகையதே. எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்று காட்டும் பதிவேடு ஒருபுறம். கோப்புகளின் உள்ளீடு மற்றொருபுறம். 'அழி' என்றவுடன் பதிவேடு மட்டுமே திருத்தப்படுகின்றது. பழைய டாஸ் முறையிலோ, கோப்புப் பெயரின் முதலெழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி இடப்படும், அவ்வளவே! மற்றை எழுத்துகளும் உள்ளீடும் கிடந்தபடியே கிடக்கும். 'வெற்றிடம்' என்று பொறி காட்டும் பகுதி பெரும்பாலும் வெற்றிடம் அன்று. பதிவேட்டில் இடம்பெறாத பழஞ்செய்திகளின் குவியல் அது. மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றிருப்பின், சிறுவனும் அவற்றை வெளிக்கொணர்வான்.

இது வெறும் அச்சம் அன்று. அமெரிக்க நாட்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவராயிருந்த சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலட் என்னும் இருவர், 2000 முதல் 2002 வரை, பிறர் பயன்படுத்தி விற்ற 158 வன்வட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தனர். அவற்றுள் இயங்கியவை 129. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவையோ 12 மட்டுமே! ஏனையவற்றுள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கடன் அட்டை எண்களும், மருத்துவக் குறிப்புகளும், அந்தரங்கக் கடிதங்களும் கிடந்தன. ஒரு வட்டு, வங்கியின் பணம் வழங்கும் பொறியினுள் இருந்தது போலும். அதில் வாடிக்கையாளர் கணக்கு எண்கள் இருந்தன. இம்முடிவுகள் 2003-ஆம் ஆண்டில் வெளியாயின.

'என்னிடம் மறைக்கத்தக்கது ஒன்றுமில்லை' என்பார் உளர். நேர்மையாளர் கூற்றே, எனினும் ஏற்கத்தக்கதன்று. ஆசிரியரின் வட்டில் இருப்பவை மாணவர் மதிப்பெண்கள்; மருத்துவரின் வட்டில் இருப்பவை நோயாளரின் துயரங்கள்; எழுத்தரின் வட்டில் இருப்பவை ஏழையர் எழுதிய விண்ணப்பங்கள். பிறர் நம்பி ஒப்படைத்ததைத் தெருவில் இறைக்க நமக்கு உரிமை ஏது? 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கொண்ட நோக்கம் முடிந்தபின் தரவுகளை அழிக்குமாறு பணிக்கின்றது. அழிக்கக் கடமைப்பட்டவர் விசையொன்றை அழுத்திவிட்டு வாளா இருப்பின், சட்டத்தின் சொல் நிறைவேறுமேயன்றிப் பொருள் நிறைவேறாது.

செய்யத்தக்கது யாதெனின், வெற்றிடத்தின்மேல் வேறு எழுதுதலே. முதற்கண் குப்பைக்கூடையைக் காலிசெய்தல் வேண்டும். அதனுள் கிடக்கும் கோப்புகள் இன்னும் வெற்றிடமாகக் கருதப்படுவதில்லை. பின்னர், துடைக்கும் மென்பொருள் பயனற்ற பெருங்கோப்பு ஒன்றைப் படைத்து, வட்டில் இடம் தீரும்வரை அதனை வளர்த்து, இறுதியில் நீக்கிவிடும். நாம் பேணும் கோப்புகளுக்கு ஊறு நேராது. விண்டோஸ் முறையில் இதற்கெனச் 'சைபர்' என்றொரு கட்டளை உண்டு. அது முதலில் சுழிகளையும், அடுத்து அவற்றின் மறுதலையான எண்களையும், மூன்றாவதாக ஒழுங்கற்ற எண்களையும் எழுதும். பொறுமை வேண்டும், நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் வட்டில், ஒரு டெராபைட் வெற்றிடத்தை ஒருமுறை நிரப்பவே ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் ஆகும். இரவில் தொடங்கிவிட்டு உறங்கச் செல்வதே நன்று.

மேலெழுதினும் பழைய சுவடு எஞ்சாதோ என்னும் ஐயம் எழலாம். அவ்வையம் பொருளற்றதன்று. ஆர்க்கிமிடீசின் நூல்களைப் பத்தாம் நூற்றாண்டில் தோலேட்டில் படியெடுத்தனர். 1229-ஆம் ஆண்டளவில் அவ்வெழுத்தைச் சுரண்டி, மேலே வழிபாட்டு நூலொன்றை எழுதினர். ஆயினும் நம் காலத்து அறிஞர் பல்வேறு ஒளிக்கதிர்களைச் செலுத்தி, அடியெழுத்தைப் படித்துவிட்டனர். (நம் பனையோலையில் எழுத்தாணி கீறிய எழுத்தை இவ்வாறு சுரண்டி மாற்றுதலும் அரிது!) வன்வட்டிலும் இங்ஙனம் நேரலாம் என்றஞ்சிய காலத்தில், நியூசிலாந்து நாட்டுப் பீட்டர் குட்மன் 1996-இல் 35 முறை மேலெழுதும் வகையொன்றை வகுத்தார். அஃது அந்நாளில் வழங்கிய பலவகை வட்டுகளையும் உளங்கொண்டு வகுக்கப்பட்டது. ஒரே வட்டிற்கு அம்முப்பத்தைந்தும் வேண்டுவதில்லை என்று அவரே பின்னர் எழுதினார். இன்றைய காந்த வட்டுகளுக்கு ஒருமுறை மேலெழுதுதலே பெரும்பாலும் போதும் என்பது அமெரிக்கத் தர நிறுவனத்தின் கருத்து. எனினும் முப்பத்தைந்து முறை எழுதினாலன்றி உறக்கம் கொள்ளாதார் இன்றும் உளர்.

மற்றுஞ் சிலர் வட்டைச் சுத்தியலால் நொறுக்குகின்றனர். வேறு சிலர் பழைய பொறியை அலமாரியில் பூட்டிவைத்துத் துருவேற்றுகின்றனர். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. ஓரிரவு துடைத்தால், நூல் வாங்கவும் வகையில்லாத மாணவன் ஒருவனுக்கு அப்பொறி பல ஆண்டுகள் பயன்படும்.

ஆயினும் இம்முறை எல்லா வட்டுக்கும் பொருந்தாது. இக்காலத்து மடிக்கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. என்னும் சில்லு வட்டு, தேய்மானத்தைப் பகிர்தற்பொருட்டு, ஓரிடத்தில் எழுதச் சொன்னதைப் பிறிதோரிடத்தில் எழுதிவிடும். பழைய பகுதி நம் கைக்கு எட்டாமல் உள்ளே தங்கிவிடக்கூடும். சான்டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 2011-இல் இதனை ஆய்ந்து காட்டினர். அவ்வகை வட்டை விற்குமுன், அதனைச் செய்தோரே அமைத்துள்ள துடைப்புக் கட்டளையால் முழுவதையும் துடைத்தல் வேண்டும். அதனினும் சிறந்தது, பொறியை வாங்கிய நாளிலேயே வட்டு முழுவதையும் மறைகுறியாக்கி வைத்தல். பின்பு திறவுகோலை மட்டும் ஒழித்தால், எஞ்சியவை எவர்க்கும் விளங்கா. அண்மைக் காலத்துக் கைப்பேசிகளுள் பெரும்பாலானவை தாமே இங்ஙனம் மறைகுறியாக்கிக் கொள்கின்றன. தொடக்கநிலைக்கு மீட்டமைக்கும்போது அத்திறவுகோல் ஒழிகின்றது. பக்கவாட்டில் செருகிய நினைவக அட்டையோ அதனுள் அடங்காது. கைப்பேசியைப் பிறர்க்குக் கொடுக்குமுன் அதனைக் கழற்றித் தனியே வைத்துக்கொள்க.