எதற்குப் பரிகாரம்?

சகோதரிகளே, இந்தத் தடவை சமையல் குறிப்பு இல்லை. கொஞ்சம் சங்கடமான விஷயம். சங்கடம் என்று நாம் வாய் திறக்காததால் சில பிள்ளைகள் ரொம்பவே பாடுபடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாயார். வயது வந்த பையன், "எனக்குப் பெண்கள் மேல் நாட்டமே இல்லை, ஆண்கள் மேல்தான்" என்று சொல்லிவிட்டான். அந்தம்மா ஜோசியரிடம் ஓடினார். தோஷமாம்! பரிகாரம், மந்திரித்த கயிறு, நாற்பத்தெட்டு நாள் விரதம். "அக்கா, இது சாமி குத்தம்தானே?" என்று என்னிடம் ஒரே அழுகை. (வேறு மதத்து வீடாக இருந்தால் ஜெபக்கூட்டம், இல்லாவிட்டால் ஓதிப் பார்ப்பது. பையன் படும் பாடு என்னவோ ஒன்றுதான்.)

நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நோயே இல்லாததற்குக் கயிறு எதற்கு? குற்றமா என்றால் அதுவும் இல்லை. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் அது. வயது வந்தவர்கள் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

அந்தம்மாவுக்கு நான் சொன்னது நம்ம ஊர் வழக்கு ஒன்று. மதுரைப் பெண்கள் இருவர், ஒருவரையொருவர் விரும்பி, சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் போலீசுக்குப் போக, 2021-ல் விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? தமக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல நிபுணர் வித்யா தினகரனிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அப்புறம்தான் ஜூன் 7-ம் தேதி உத்தரவு போட்டார். இவர்களை மருத்துவத்தால் 'மாற்றுகிறேன்' என்று யாரும் முயலக் கூடாது என்பதும் அதில் உண்டு.

பெற்றோருக்கும் ஆலோசனை நடந்தது. ஆனால் அவர்கள் மனம் உடனே மாறிவிடவில்லை. பெண்கள் ஒண்டிக்கட்டையாகவே இருந்துவிட்டால்கூடத் தேவலை என்றுதான் நினைத்தார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம்! சாமிக்குப் பயம் என்கிறோம்; நிஜத்தில் நமக்குப் பயம் எதிர்வீட்டுக்காரியிடம்தான்.

டாக்டர்களின் படிப்பே இன்னும் தடுமாறுகிறது. 2024 ஆகஸ்டில் மருத்துவ மாணவர்களின் பாடத்திட்டத்தில், பெண்ணைப் பெண் விரும்புவதை மறுபடி பாலியல் குற்றங்களோடு சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். அதனால் "சரி பண்ணித் தருகிறேன்" என்கிற டாக்டரிடம் பீஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் செய்வது தொழில் நெறிக்கே விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

பிள்ளை மனம் திறந்து சொல்கிற அன்றைக்கு, முதலில் சாப்பாடு போடுங்கள். அழுகை வந்தால் கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வாருங்கள், தப்பில்லை. ஆனால் நாத்தனாருக்குப் போன் மட்டும் போட்டுவிடாதீர்கள். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் இஷ்டம்.