மணல் வாங்கும் முன்

ஜொகூரில் பாசிர் கூடாங் என்ற ஊரின் பெயரிலேயே மணல் இருக்கிறது. ஆனால் எல்லா மணலும் வீடு கட்ட உதவாது. 2018-இல் அரசாங்கம் ஏற்றுமதிக்குத் தடை விதித்த கடல் மணல், கடலைத் தூர்த்து நிலமாக்கப் பயன்படுவது. கழுவாமல் கான்கிரீட்டில் கலந்தால், அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; கம்பி உப்பினால் தூண் வெடிக்கும்.

சமையலறையை நீட்டிக் கட்டுகிறவர்கள், கழுவிய ஆற்றுப் பெருமணலையே கேளுங்கள். லோரி வருமுன் ஒரு பை மாதிரி வாங்குங்கள். கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மணல் போட்டு, சிறிது உப்பு கலந்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே படியும் சேறு, மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. ஈர மணல் உப்பி, கால் பங்கு வரை கூடுதலாகத் தெரியும். லோரி அளவில் வாங்கினால் காற்றுக்கும் காசு கொடுக்கிறோம். வாளிக் கணக்கில் 1:2:4 கலக்கும்போதும் மணல் குறைந்துவிடும். சற்றுக் கூட்டிப் போடச் சொல்லுங்கள்.

மிஞ்சிய மணலை வீணாக்காதீர்கள். தோட்டத்து நடைபாதைக் கற்களுக்கு அடியில் ஓர் அங்குலம் பரப்பினால், கல் ஆடாது, தண்ணீரும் தேங்காது.