வேகமானிக் கேபிளும் நம் கட்டுரைக் கல்வியும்

நம் நாட்டுத் தமிழாசிரியர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. கட்டுரை என்றால் அது நட்பின் மேன்மையைப் பற்றியதாகவோ, நிலவின் அழகைப் பற்றியதாகவோ, தமிழின் தொன்மையைப் பற்றியதாகவோ இருத்தல் வேண்டும் என்பதே அந்நம்பிக்கை. பழைய லேண்ட் ரோவர் வண்டியில் அறுந்துபோன வேகமானிக் கேபிளை மாற்றுவது எங்ஙனம் என்று ஒரு மாணவன் எழுதிக் கொண்டுவந்தால், நம்மில் பெரும்பாலோர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுவா கட்டுரை?" என்று கேட்போம். இதுதான் கட்டுரை என்பது என் வாதம்.

இப்பொருளை நான் வேடிக்கைக்காக எடுத்துக்கொள்ளவில்லை. 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அவ்வண்டி, நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில், சரிவான மண் பாதைகளில், அது இன்றும் மூட்டை சுமக்கிறது. 1971 முதல் 1985 வரை உருவான மூன்றாம் வரிசை வண்டிகளில் மிக இளையதற்கே நாற்பது வயதாகிவிட்டது. அவற்றை ஓட்டுவோரிலும் பழுது பார்ப்போரிலும் தமிழர் உளர். அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தந்தையின் கை அறிந்த ஒன்றைப் பிள்ளையின் தமிழ் அறியவில்லை என்றால், அக்குறை யாருடையது?

தமிழில் இதனைச் சொல்ல இயலுமா என்று ஐயுறுவோர்க்காக இங்கேயே சொல்லிக் காட்டுகிறேன்.

வேகமானிக் கேபிள் என்பது ஓர் உறையும் அதனுள் சுழலும் எஃகுக் கம்பியும் ஆகும். கம்பியின் இரு முனைகளும் சதுரமாக இருக்கும். ஒரு முனை, கியர் பெட்டிக்குப் பின்னுள்ள டிரான்ஸ்பர் பாக்ஸின் பற்சக்கரத்தோடு இணைகிறது. மறுமுனை வேகமானியோடு இணைகிறது. கியர்கள் தம் வேலையை முடித்தபின் வெளிவரும் தண்டிலிருந்தே சுழற்சி எடுக்கப்படுவதால், ஓட்டுநர் எந்தக் கியரில் சென்றாலும் வேகமானி பிழையாகக் காட்டுவதில்லை. சக்கரத்தின் அளவை மாற்றினாலோ பிழையாகக் காட்டும். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். கணிதப் பாடம் தானே தொடங்கிவிடும்.

வேகமானியினுள் அக்கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதனைச் சூழ்ந்து நிற்பது ஓர் அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, கிண்ணமும் உடன் சுழல முயல்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுக்கிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. 1902ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை கோரிய இவ்வமைப்பு, பழைய வண்டிகளில் இன்றும் வேலை செய்கிறது.

இனி, பழுதைக் கண்டறிதல். முள் அசையாமல் தூரங்காட்டும் எண்கள் மட்டும் நகருமானால், குற்றம் கருவியினுள் இருக்கிறது. இரண்டும் நின்றுவிட்டால் கேபிளையோ, அதனைச் சுழற்றும் பற்சக்கரத்தையோ ஐயுற வேண்டும். முள் நடுங்கித் துள்ளினால், கேபிள் எங்கோ கூர்மையாக வளைந்திருக்கிறது. அல்லது உள்ளே உலர்ந்திருக்கிறது. கேபிளை வேகமானியிலிருந்து கழற்றி, வண்டியை மெல்லத் தள்ளச் செய்து, கம்பி சுழல்கிறதா என்று நோக்கினால் ஐயம் தீரும். காரணம் அறியாமல் கருவியை மாற்றுபவன் காசை இழப்பான்.

மாற்றும் முறை எளிது. சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கருவிப் பலகையின் திருகுகளைக் கழற்றிப் பலகையை முன்னிழுத்து, வேகமானியின் பின்னுள்ள மரையைக் கையாலேயே தளர்த்த வேண்டும். பின்பு வண்டியின் அடியில் சென்று, கேபிளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் சிறு தகட்டை விடுவித்து அதனை உருவ வேண்டும். பழைய கேபிள் சென்ற வழியை மனத்தில் பதித்துக்கொண்டு, புதியதை அதே வழியில் செலுத்த வேண்டும். புகைக்குழாயை அது நெருங்கலாகாது. வளைவின் ஆரம் ஆறு அங்குலத்திற்குக் குறையலாகாது. கம்பிக்குச் சிறிதளவே கிரீஸ் பூச வேண்டும். வேகமானியின் பக்கம் சுமார் எட்டு அங்குலத்திற்குத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் கிரீஸ் மேலேறிக் கருவியைக் கெடுத்துவிடும். சதுரமுனை தன் பள்ளத்தில் சரியாக அமர்ந்தபின்னரே மரையை முடுக்க வேண்டும்; அதுவும் விரலின் வலிமையே போதும்.

எந்த இடத்தில் தமிழ் தடுமாறிற்று? கேபிள், கிரீஸ் என்னும் சொற்களைக் கண்டு சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்களுக்கு என் விடை இது: மொழியின் உயிர் பெயர்ச்சொல்லில் மட்டும் இல்லை. 'இல்லையேல்', 'ஆனால்', 'பின்னரே', 'அதனால்' என்னும் சிறு சொற்களில்தான் சிந்தனையின் மூட்டுகள் உள்ளன. பொருத்தமான தமிழ்ச்சொல் வழங்குமாயின் அதனையே எடுத்தாள்வோம். வேகமானி, மரை, சுருள்வில் ஆகியவற்றை அங்ஙனமே எடுத்தாண்டேன். ஆனால் கேபிளுக்கு ஐந்து புதுச்சொற்கள் படைத்துப் பட்டியலிட்டுவிட்டு, ஐந்து வரி செய்முறை எழுதத் தெரியாதிருப்பது தமிழ்த்தொண்டு ஆகாது.

2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, தமிழால் முடியும் என்று மேடைதோறும் முழங்கினோம். 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. 2012இலிருந்து படிப்படியாக மாற்றமும் வந்தது. மீண்டு வந்த வாய்ப்பைக் கட்டுரை வகுப்பில் நாம் எவ்வாறு பயன்படுத்தினோம்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் வெளியிட்டார். அறுவை மருத்துவத்தைத் தாங்கிய மொழி ஒரு கம்பியைத் தாங்காதா? அவர் முழங்கவில்லை, எழுதிக் காட்டினார்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வுக்காக மனனம் செய்யும் கட்டுரை போகவில்லை. இன்னும் நம் மாணாக்கர் காலைக் கதிரவனின் பொற்கதிர்களில் தொடங்கி, "ஆகவே மாணவர்களே" என்று முடிக்கின்றனர். இடையில் அவர்கள் கண்ணால் கண்டது ஒன்றும் இல்லை. கற்பனையை நான் பழிக்கவில்லை. காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கத்தையே பழிக்கிறேன். அழகுத் தொடரில் பிழை இருந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். செய்முறைக் கட்டுரையில் பிழை இருந்தால் வண்டியே காட்டிக் கொடுத்துவிடும். இதனைவிட நேர்மையான திருத்துநர் யார்?

பெற்றோர் எழுப்பும் தடையொன்று உண்டு. "கையில் கரி படக்கூடாது என்றுதானே படிக்க வைக்கிறோம்" என்பர். பால்மரத் தோப்பிலும் தேயிலைச் சரிவிலும் தேய்ந்த கைகளின் சொல் அது. அதனை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆயினும், அவர்களை வருத்தியது கை உழைப்பன்று. உழைப்புக்கேற்ற கூலியும் மதிப்பும் இன்மையே. கையால் செய்வதைச் சொல்லால் விளக்கவும் தெரிந்த பிள்ளையே பிறருக்குக் கற்பிப்பான், பட்டறை நடத்துவான், பொறியியல் கல்லூரியில் துணிந்து வினா எழுப்புவான். தாய்மொழியில் காரணத்தையும் காரியத்தையும் கோக்கப் பழகியவன், தொழிற்கல்லூரியில் மலாயிலும் அதனைச் செய்வான். தாய்மொழியில் வெற்று அடுக்குமொழி மட்டும் பழகியவனோ எம்மொழியிலும் தடுமாறுவான்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடத்தைத் தமிழ்ப் பாடத்தின் மாற்றாந்தாய் மகவாக எண்ணற்க. மாதத்திற்கு ஒரு கட்டுரையேனும் செய்முறைக் கட்டுரையாக அமையட்டும். சைக்கிள் சங்கிலியை மாட்டுதல், குழாய்க்கு வாஷர் மாற்றுதல், வேகமானிக் கேபிளை மாற்றுதல் என எதுவாயினும் ஆகுக. ஒரு மாணவன் எழுதட்டும். மற்றொருவன் அதனைப் படித்து, வேறெவரையும் கேளாமல் செய்து பார்க்கட்டும். செய்ய முடிந்தால் அது நல்ல தமிழ். முடியாவிட்டால், எத்துணை எதுகை மோனை இருப்பினும், அதனைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள்.