ஆல்பத்தைக் கொத்து பரோட்டா போடாதீங்க சாமி!

"உனக்குப் புடிச்ச ஆல்பம் எது?"ன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. முக்காவாசிப் பேர் ஒரு பாட்டுப் பேரைச் சொல்வாங்க. மீதிப் பேர் பட்டியல் போடுவாங்க. ராக்குல ஒண்ணு, ஜாஸ்ல ஒண்ணு, கர்நாடக சங்கீதத்துல ஒண்ணு, நடுவுல ஒரு ராஜா, ஒரு ரஹ்மான். கல்யாண வீட்டு இலையில வகைக்கு ஒரு கரண்டி வெச்ச மாதிரி பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா அதுல ஏதாவது ஒண்ணை முதல் பாட்டுல ஆரம்பிச்சு கடைசிப் பாட்டு வரைக்கும், வரிசை மாத்தாம, ஒரே மூச்சுல கேட்டிருக்கீங்களான்னு கேட்டா பேச்சு மாறிடும். "அதுல ரெண்டு பாட்டு செம பாஸ், லிங்க் அனுப்பறேன்!"

அந்த லிங்க் மேல உள்ள கடுப்புலதான் இந்தப் பதிவு. ஒரு ஆல்பத்துலேருந்து ரெண்டு பாட்டைப் பிச்சு அனுப்பறது ஆல்பத்தைப் பகிர்றது ஆகாது. ஷஃபிள்ல போட்டு ஓடவிடறது ஆல்பம் கேட்கறதும் ஆகாது. வகை வகையா பத்து பேரை அடுக்கறதைவிட, ஒரே ஒரு ஆல்பத்தை முழுசா கேட்டுட்டு, "இதை இந்த வரிசையில கேளு"ன்னு இன்னொருத்தர் கையில கொடுக்கறதுதான் பகிர்தல். "பாட்டு கேட்கறதுக்கும் ரூல்ஸ் போட வந்துட்டான்யா"ன்னு பல்லைக் கடிக்கறவங்க கொஞ்சம் பொறுங்க, காரணம் சொல்லிடறேன்.

முதல்ல அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு பார்த்துடுவோம். 78 வேக இசைத்தட்டு காலத்துல ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான் பதிய முடியும். பெரிய இசைன்னா அஞ்சாறு தட்டு ஆகும். அதையெல்லாம் உறையில போட்டு, ஃபோட்டோ ஆல்பம் மாதிரி புத்தகமா பைண்ட் பண்ணி வித்தாங்க. அதான் ஆல்பம். 1948-ல கொலம்பியா கம்பெனி 33⅓ வேக எல்.பி. தட்டைக் கொண்டுவந்தப்போ, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல இடம் கிடைச்சுது. உடனே இசை பண்றவங்களுக்குப் புதுசா சில கேள்விகள் வந்துச்சு. எதுல ஆரம்பிக்கறது? முதல் பக்கத்தை எங்கே நிறுத்தினா கேட்கறவன் எழுந்து போய் தட்டைத் திருப்பிப் போடுவான்? எதுல முடிக்கறது? இந்தக் கேள்விகளுக்குக் கிடைச்ச பதில்கள்தான் ஆல்பம்ங்கற வடிவம்.

"ஒரு பிளாஸ்டிக் தட்டோட அளவால வந்த வடிவத்துக்கா இவ்ளோ பில்டப்பு?"ன்னு கேட்கலாம். ரெண்டே அடிதான்னு ஒரு கட்டு இருந்ததாலதான் குறள் குறளா இருக்கு. கட்டு எங்கேருந்து வந்துச்சுங்கறதை விடுங்க, அதுக்குள்ள நின்னு என்ன பண்ணிக் காட்டினாங்கன்னு பாருங்க.

பிங்க் ஃப்ளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973). ரெக்கார்டிங் முடிக்கறதுக்கு முன்னாடியே, 1972-ல ஊர் ஊரா மேடையில அதை முழுசா வாசிச்சுப் பார்த்த ஆளுங்க அவங்க. இதயத்துடிப்புல ஆரம்பிக்குது. முதல் டிராக் 'ஸ்பீக் டு மீ'ல பாட்டே கிடையாது. கடிகாரம், கல்லாப்பெட்டி, சிரிப்பு, அலறல்னு பின்னாடி வரப்போற எல்லாத்துக்கும் ஒரு முன்னோட்டம். முதல் பக்கம் சாவைப் பத்தின 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'ல முடியுது. வார்த்தையே இல்லாம ஒரு பெண் குரல் கதறி அடங்குது. நீங்க எழுந்து போய் தட்டைத் திருப்பிப் போடறீங்க. கணீர்னு சில்லறைச் சத்தம், 'மனி' ஆரம்பிக்குது! இழவு வீட்டுலேருந்து வெளிய வந்ததும் அடுத்த வேலை காசு எண்றதுதான்னு முகத்துல அடிக்கற மாதிரி ஒரு இடம் அது. அந்த அடி ரெண்டு பாட்டுக்கும் நடுவுல இருக்கு, எந்தப் பாட்டுக்குள்ளயும் இல்லை. 'மனி'யை மட்டும் லிங்க் அனுப்பினா அது எப்படிப் போய்ச் சேரும்?

இந்த ஆளுங்க இதுக்காகக் கோர்ட்டுக்கே போனாங்க. பாட்டுகளைப் பிரிச்சு விக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு. அது தட்டுக்கும் சிடிக்கும்தான், இணையத்துக்கு இல்லைன்னு வாதாடியது இ.எம்.ஐ. கம்பெனி. 2010 மார்ச்சுல லண்டன் ஹைகோர்ட் பிங்க் ஃப்ளாய்ட் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா 2011 ஜனவரியில ரெண்டு தரப்பும் புது ஒப்பந்தம் போட்டு, ஒத்தைப் பாட்டா விக்கறதும் நடந்துடுச்சு. கேஸ் ஜெயிச்சவங்களாலயே சந்தையைத் தாக்குப்பிடிக்க முடியலை.

"அது வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு அதெல்லாம் கிடையாது"ன்னு சொல்றவங்களுக்கு நம்ம ஊர் சாட்சி ஒண்ணு இருக்கு. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986). தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணினது. அதுல ஒரு டிராக் பேரு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. அடுத்த டிராக் பேரு 'அண்ட் வி ஹேட் எ டாக்'. முதல்ல விருந்தாளி வீட்டுக்கு வர்றார், அப்புறம் உட்கார்ந்து பேசறாங்க. ஒரே வாக்கியத்தை ரெண்டு டிராக்குக்குப் பேரா வெச்சிருக்கார் மனுஷன்! ஷஃபிள்ல போட்டா ஆள் வர்றதுக்கு முன்னாடியே பேச்சு ஆரம்பிச்சுடும். வரிசை முக்கியம்னு இதைவிட வெளிப்படையா ஒரு இசையமைப்பாளர் எப்படிச் சொல்றது? அட்டையில எழுதியே கொடுத்துட்டாரே!

அடுத்து சோல் இசை. மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்' (மே 1971). மோடவுன் அந்தக் காலத்துல ஒத்தைப் பாட்டு ஹிட்டுகளைத் தயாரிக்கிற ஃபேக்டரி. முதலாளி பெர்ரி கோர்டிக்கு அந்தத் தலைப்புப் பாட்டே முதல்ல பிடிக்கலை. மார்வின் கே விடலை. வியட்நாம் போர்லேருந்து ஊர் திரும்பற ஒருத்தன் கண்ணால நாட்டைப் பார்க்கற மாதிரி ஒன்பது பாட்டு. அதுல பல பாட்டுகள் ஒண்ணு முடியற இடம் தெரியாம அடுத்ததுக்குள்ள ஓடிடும்.

இங்கதான் நம்ம தொழில் ஆளுங்க பண்ணின அட்டகாசத்தைச் சொல்லணும். எம்.பி.3 ஃபைல் 1152 சாம்பிள் கொண்ட ஃப்ரேம்களா நறுக்கி வைக்கற வடிவம். பாட்டு அந்தக் கணக்குக்குச் சரியா முடியலைன்னா கடைசி ஃப்ரேமை மௌனத்தால நிரப்பிடும், ஆரம்பத்துலயும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கும். அந்த மௌனத்தை வெட்டத் தெரியாத பிளேயர்ல கேட்டா, ஆறு மாதிரி ஓடற ஆல்பம் ஸ்பீட் பிரேக்கர் போட்ட ரோடு ஆயிடும். அப்புறம் ஷஃபிள். ஃபிஷர்-யேட்ஸ்னு ஒரு அல்காரிதம், எழுதினா பத்து வரிகூட வராது. நானும் கோடு எழுதிப் பிழைக்கிறவன்தான், அதனால கேட்கறேன். உங்க புரோகிராமோட வரிகளை இப்படிக் கலைச்சுப் போட்டு ஓடவிட்டா ஒத்துப்பீங்களா? "எல்லா வரியும் உள்ளதானே இருக்கு"ன்னு டெஸ்டர் சொன்னா சும்மா விடுவீங்களா? :-)

2021 நவம்பர்ல அடேலோட '30' ஆல்பம் வந்தப்போ, அவங்க கேட்டுக்கிட்டதால ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்துல ஷஃபிளை முதல் பட்டனா வைக்கறதை நிறுத்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, அதுவரைக்கும் ஒரு ஆல்பத்தைத் திறந்தா முதல்ல கண்ணுல பட்டது அதைக் கலைக்கற பட்டன்!

"கேட்கறவன் இஷ்டம், உனக்கென்ன நஷ்டம்?"னு கேட்பீங்க. நஷ்டம் இருக்கு, அது காசுலயே இருக்கு. ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டை 30 விநாடி கேட்டா ஒரு கேட்பு. மூணு நிமிஷப் பாட்டுக்கும் பத்து நிமிஷ வாசிப்புக்கும் அதே ஒரு கணக்குதான். மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) எடுத்துக்கோங்க. முதல் டிராக்ல பியானோவும் பாஸும் மெதுவா தயங்கித் தயங்கிப் பேசிக்கிட்டு, மெட்டு ஆரம்பிக்கவே சுமார் அரை நிமிஷம் ஆகும். மெட்டு வர்ற நேரத்துல கல்லாவுல கணக்கு முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, விஸ்வ மோகன் பட்டும் ரை கூடரும் சேர்ந்த 'எ மீட்டிங் பை த ரிவர்' (1993). கலிஃபோர்னியாவுல ஒரு தேவாலயத்துல, ரெண்டு பேரும் அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில, ஒத்திகை இல்லாம வாசிச்சது. 1994-ல கிராமி வாங்குச்சு. சுமார் 40 நிமிஷம், மொத்தமே நாலு டிராக். முழுசா ஆற அமரக் கேட்டாலும் நாலு கேட்புதான். அதே 40 நிமிஷத்துல ரெண்டு நிமிஷப் பாட்டு இருபது ஓடினா இருபது கேட்பு. இந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு நாளைக்கு எவன் பத்து நிமிஷம் நிதானமா வாசிக்க வருவான்? ஆல்பத்தை நாம கொத்தக் கொத்த, கொத்தறதுக்குத் தோதான இசை மட்டும்தான் நமக்குக் கிடைக்கும்.

இனி எதிர்க்கட்சி வாதங்கள்.

"சினிமா ஆல்பத்துல என்னய்யா வரிசை?" நியாயமான கேள்வி. படத்துல ஒரு வரிசை, கேசட்டுல பல சமயம் வேற வரிசை. பாட்டுகளைக் கோக்கற நூல் படம்தான், தட்டு இல்லை. அதனால சினிமாப் பாட்டைத் தனித்தனியா கேட்டா நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா அந்தப் பழக்கத்தை அப்படியே எல்லா இசைமேலயும் கொண்டுபோய்ப் போடறதுதான் பிரச்சினை. அறிவும் ஒஃப்ரோவும் 2019-ல 'தெருக்குரல்'னு ஒரு ராப் ஆல்பம் போட்டாங்க. ஹீரோ இல்லை, டூயட் இல்லை, தாங்களே சொல்லவேண்டியதை ஆல்பமா கோத்துக் கொடுத்தாங்க. அப்படி வர்றவங்களையும் "அதுல எந்தப் பாட்டு ஹிட்டு?"ன்னு மட்டும் கேட்டா, தமிழ்ல சினிமாவுக்கு வெளிய ஆல்பம்னு ஒண்ணு எப்படி வளரும்?

"நேரம் இல்லை பாஸ்." மேல சொன்ன 'டார்க் சைட்' மொத்தமே 43 நிமிஷம். நேத்து ராத்திரி ரீல்ஸை எவ்வளவு நேரம் தள்ளினீங்கன்னு உங்க ஃபோன்லயே இருக்கு, எடுத்துப் பாருங்க. நான் மேல பேச விரும்பலை.

"அப்போ பல பாட்டைக் கலந்து கேட்கறதே தப்பா?" இல்லவே இல்லை. எங்க அப்பா காலத்துல கேசட் கடையில பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிஞ்சு வாங்குவாங்க. அறுபது நிமிஷ கேசட்டா, தொண்ணூறான்னு கணக்குப் போட்டு, எந்தப் பாட்டுக்கு அப்புறம் எதுன்னு அடிச்சு அடிச்சு எழுதுவாங்க. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை மனசுல வெச்சு உட்கார்ந்து அடுக்கின வரிசை அது. அதுவும் ஒரு ஆல்பம்தான். இன்னிக்குக் கலக்கறது யாரு? என்னை யாருன்னே தெரியாத ஒரு நிரல்.

அதனால மக்களே, அடுத்த தடவை யாராவது பிடிச்ச ஆல்பம் கேட்டா லிஸ்ட் போட்டு சீன் காட்டாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எத்தனை நிமிஷம்னு சொல்லுங்க. எங்கே பொறுமை வேணும், எந்த இடத்துல அந்தப் பொறுமைக்குக் கூலி கிடைக்கும்னு சொல்லுங்க. ராக்கா, ஜாஸா, ராப்பாங்கறதைக் கடைசியா சொல்லுங்க, சொல்லாமலே விட்டாலும் குடி முழுகிடாது. அவர் கேட்டு முடிச்சதும் அவரோடது ஒண்ணை வாங்கிக்கோங்க, அதை முதல் டிராக்லேருந்து கேளுங்க. பிடிக்கலைன்னா தாராளமா திட்டுங்க. முழுசா கேட்டுட்டுத் திட்டறவனுக்கு அந்த உரிமை உண்டு.

டிஸ்கி: ஷஃபிளை மொத்தமா ஒழிக்கணும்னு சொல்லலை. பாத்திரம் கழுவும்போதும் டிராஃபிக்ல நிக்கும்போதும் எது வேணா ஓடட்டும். கொத்து பரோட்டா எனக்கும் பிடிக்கும். முழு விருந்தை இலையில போட்டதும் கொத்தாதீங்கன்னுதான் கேட்கறேன்.