வண்டியை எண்ணினால் போதுமா?

சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில் இருந்து வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் விழுந்தது. இதே உத்தரவுக்கு உள்ளான நீலகிரியில் அதை எதிர்த்து நடந்த கடையடைப்பும் அரசின் மறுஆய்வு மனுவும் வாசகர்கள் அறிந்தவை. மலைக்கும் தாங்கும் அளவு உண்டு என்று நீதிமன்றம் சொன்னதை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். மஞ்சளாறும் மருதாநதியும் கொடைக்கானல் மலையில்தான் பிறக்கின்றன. மலை கெட்டால் முதலில் அனுபவிக்கப்போவது கீழே வைகைப் படுகையில் இருக்கும் நாம். நம் ஆத்திரம் உத்தரவின் மேல் அல்ல. சாவடியில் பாஸைச் சரிபார்த்து அனுப்பினால் கடமை முடிந்தது என்று நிர்வாகம் தீர்மானித்துவிட்டதே, அதன் மேல்தான்.

வரம்பு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. இரண்டு பேர் வரும் காரும் ஒன்று, இரண்டு குடும்பம் சேர்ந்து வரும் வேனும் ஒன்று. அரசுப் பேருந்துக்கோ பாஸே வேண்டாம். அப்படியென்றால் மலைக்குப் போகிறவர்களைப் பேருந்துக்குத் திருப்புவதல்லவா முதல் வேலை? ஐம்பது பேர் ஒரு பேருந்தில் ஏறினால் பத்துக் காராவது மலைச்சாலையில் குறையும். மலையின் தாங்கும் அளவு குறித்த ஐஐடி, ஐஐஎம் ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய கணக்கல்ல இது.

மே மாதத்துச் சனிக்கிழமை விடியற்காலையில் அதிகாரிகள் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். கொடைக்கானல் வண்டி உள்ளே திரும்பும்போதே ஓடுகிறார்கள். ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் இருக்கையில் விழுகின்றன. இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் பெண் அடுத்த வண்டி எப்போது என்று கேட்டால், 'வரும்மா' என்பதற்கு மேல் பதில் இல்லை. இடம் கிடைக்காதவர்கள் வத்தலக்குண்டு வரை ஒரு வண்டி, அங்கிருந்து இன்னொன்று என்று தொத்திக்கொண்டு போகிறார்கள். டம்டம் பாறை தாண்டி வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்து நின்றபடியே பெருமாள்மலை வரை போய்ச் சேரும் முதியவர்கள் உண்டு. மதுரையிலிருந்து 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். இதைப் பார்த்தவர்கள் அடுத்த முறை கடன் வாங்கியாவது வாடகைக் கார்தான் பிடிப்பார்கள். அந்தக் கார் வரம்பில் ஒன்றைத் தின்னும். சீசனுக்குச் சீசன் சிறப்புப் பேருந்து அறிவிப்பு வருகிறது. அறிவிப்பைப் பிடித்து மலையேற முடியாது.

ரயிலில் வருகிறவர்கள் நிலையும் இதுதான். கொடைக்கானல் ரோடு என்று பெயர் வைத்த நிலையத்திலிருந்து ஊருக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது டாக்சிதான்.

இந்த நிர்வாகத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. மலையில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலைக்கு இடம் கொடுத்தார்கள். 2001-ல் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை ஊர்மக்களும் ஆர்வலர்களும்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கண்காணிக்க வேண்டியவர்கள் அல்ல. உயரக் கட்டுப்பாடு உள்ள ஊரில் ஏழு மாடி விடுதிக்கு விதிவிலக்கு கொடுத்து அரசாணை போட்டார்கள். 1995-ல் அதை ரத்து செய்ய நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. 1993-ல் முழுமைத் திட்டம் வகுத்தார்கள்; அது காகிதத்தில் இருக்க, விதிமீறிய கட்டடங்கள் சரிவெல்லாம் முளைத்தன. 2019-ல் அவற்றுக்குச் சீல் வைத்ததும் நீதிமன்றம் சொல்லித்தான். அந்தக் கட்டடங்களுக்குக் குடிநீர் இணைப்பும் மின் இணைப்பும் கொடுத்த கைகள் யாருடையவை? ஒருவராவது பதில் சொல்லியிருக்கிறாரா? ஒவ்வொரு முறையும் தவறு மேசையில் நடக்கிறது. தண்டனை மலைக்கும் அதைப் பார்க்க ஆசைப்பட்ட ஏழைக்கும் போகிறது.

கார் வைத்திருப்பவர் செல்போனில் நாள் பார்த்துப் பாஸ் எடுத்துவிடுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு ஏரியைக் காட்ட நினைக்கும் மேலூர்க்காரருக்கும் உசிலம்பட்டிக்காரருக்கும் பேருந்தைத் தவிர என்ன வழி? 1985 வரை மதுரை மாவட்டத்துக்குள் இருந்த மலை அது. அடிவாரத்தில் கார்களை நிறுத்தி, அங்கிருந்து பேருந்தில் ஏற்றிச்செல்லும் உருப்படியான ஏற்பாட்டை அரசு உடனே செய்ய வேண்டும். பாஸ் சரிபார்க்க ஆள் போட முடிந்தவர்களால் பேருந்துக்கு ஓட்டுநர் போட முடியாதா?