பயிற்சியாளரும் பத்திரிகையும் மோதினால் ஆட்டக்காரன் எங்கே நிற்பான்?

2007 செப்டம்பர் 22. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற ஊர். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி டெக்சாஸ் டெக் அணியை 49-45 என்று வென்றிருந்தது. (இது நம் கால்பந்து அல்ல. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அவர்கள் ஊர் ஆட்டம்.) வெற்றிக்குப் பிறகு செய்தியாளர்களைச் சந்திக்க வந்த பயிற்சியாளர் மைக் கண்டி ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அன்று வெளியான 'தி ஓக்லஹோமன்' நாளிதழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். பத்தி எழுதிய ஜென்னி கார்ல்சன் என்ற பெண் அதே அறையில் இருந்தார். பையனை ஏன் தாக்குகிறாய், என்மேல் வா, நான் ஆம்பளை, எனக்கு நாற்பது வயது என்றார் கண்டி. உனக்குப் பிள்ளை இருந்தால்தானே இந்த வலி தெரியும் என்றும் சொன்னார்.

அந்த வீடியோவை எங்களோடு வேலை செய்யும் இளைஞர்கள் காட்டியபோது அவர்கள் சொன்னது ஒன்றுதான்: "கோச்னா இப்படி இருக்கணும் அக்கா." அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளுக்காகப் பொதுவெளியில் யாராவது இப்படிக் குரல் உயர்த்தியதை அவர்கள் பார்த்ததில்லை. ஆனாலும் நாம் அந்த வீடியோவுக்கு வெளியே நிற்கிற மூன்றாவது ஆளைப் பார்க்க வேண்டும். அவர் பெயர் பாபி ரீட். கறுப்பின இளைஞர். அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்து அந்த வாரம் ஓரங்கட்டப்பட்டவர்.

கார்ல்சன் எழுதியது என்ன? ரீட் ஓரங்கட்டப்பட்டதற்குக் காரணம் அவர் ஆட்டமல்ல, மனப்பான்மைதான் என்று, வதந்திகளை நம்புவதானால் என்ற பீடிகையோடு எழுதினார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் தோற்ற பிறகு, பேருந்துக்குப் பக்கத்தில் ரீடின் அம்மா மகனுக்குக் கோழிக்கறி ஊட்டிவிட்டதை ஒரு காட்சியாக வைத்தார். அதிலிருந்து வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டியது, இவன் வளராத பிள்ளை என்பது. நமக்கு இந்த இடத்தில்தான் ரத்தம் கொதிக்கிறது. நம் ஊரில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற மகனுக்கும் அம்மா ஒரு வாய் உருட்டிக் கொடுப்பாள். கறுப்பர்களையும் கோழிக்கறியையும் சேர்த்துக் கேலி செய்வது அமெரிக்க நிறவெறியின் பழைய வழக்கம். எழுதியவர் மனதில் அது இருந்ததா என்பது வேறு கேள்வி. அது அந்த மண்ணில் எப்படி வாசிக்கப்படும் என்பதற்குப் பத்திரிகை பொறுப்பு.

அப்படியானால் கண்டி சரிதானே? இல்லை. கட்டுரையில் முக்கால்வாசி பொய் என்றவர், எது பொய் என்று சொல்ல மறுத்தார். பெஞ்சில் உட்காரவைத்ததும் அவர்தான். அடுத்த ஆண்டு ஈ.எஸ்.பி.என். பேட்டியில் ரீட், அந்தப் பேச்சு தன் வாழ்க்கையையே முடித்துவிட்டதுபோல் ஆனது என்ற பொருளில் பேசினார். ஊருக்கெல்லாம் தெரியாமல் இருந்த ஒரு பத்தியை உலகமே தேடிப் படிக்க வைத்தது அந்தக் கத்தல்தான். ரீட் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனார். கண்டி பல கோடிச் சம்பளத்தில் 2025 செப்டம்பர் வரை அதே பதவியில் இருந்தார். காப்பாற்றப்பட்டவர் யார்?

பதின்மூன்று ஆண்டு கழித்து, 2020 ஜூனில், அதே பயிற்சியாளர் ஒரு வலதுசாரித் தொலைக்காட்சியின் டி-ஷர்ட் அணிந்த படம் வெளிவந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அணியின் நட்சத்திரம் சூபா ஹப்பார்ட், கறுப்பினத்தவர், நிலைமை மாறும்வரை இந்தப் பல்கலைக்கழகத்தோடு எனக்கு ஒட்டுறவில்லை என்று ட்விட்டரில் எழுதினார். இந்த முறை இடையில் பத்தி எழுத்தாளர் இல்லை. அன்றே பயிற்சியாளரும் அவரும் சேர்ந்து நிற்கும் வீடியோ வந்தது. அதில், ட்விட்டரில் எழுதாமல் நேரில் பேசியிருக்க வேண்டும் என்று வருத்தம் தெரிவித்தவர் ஹப்பார்ட்! கண்டி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது மறுநாள். நியாயம் கேட்டவன் முதலில் பணிய வேண்டும் என்ற வழக்கத்துக்கு நாடு கிடையாது போலிருக்கிறது.

இதையெல்லாம் வைத்துப் பத்திரிகைக்காரர்கள் விளையாட்டில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. 2023 ஜூலையில் சிகாகோ அருகே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், ராகிங் புகார் விசாரணைக்குப் பிறகு ஃபுட்பால் பயிற்சியாளர் பாட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு நிர்வாகம் கொடுத்தது இரண்டே வார இடைநீக்கம். மறுநாளே 'தி டெய்லி நார்த்வெஸ்டர்ன்' என்ற மாணவர் பத்திரிகை, முன்னாள் ஆட்டக்காரர் சொன்ன விவரங்களை வெளியிட்டது. ஜூலை 10 அன்று பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அவர் வழக்குப் போட்டார். 2025-ல் சமரசம் ஆனது. ராகிங்கை அவர் ஏவினார் என்றோ ஆதரித்தார் என்றோ சான்றுகள் நிறுவவில்லை என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மாணவச் செய்தியாளர்கள் ஆட்டக்காரனைக் காட்சிப்பொருளாக்கவில்லை. அவனிடம் போய்க் கேட்டார்கள். கார்ல்சனின் பத்திக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

நம் விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே பயிற்சியாளரும் பத்திரிகையும் மோதிக்கொண்டதை நாங்கள் பார்த்ததே இல்லை. கல்லூரி அணி ஜெயித்தால் மாவட்டப் பக்கத்தில் படம் வரும். நடுவில் தாளாளர், இரு பக்கமும் முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும், பின்னால் பிள்ளைகள். படத்துக்குக் கீழே பெரியவர்கள் பெயர் இருக்கும், பிள்ளைகள் பெயர் பாதி இருக்காது. செய்தி தருவது கல்லூரி, சேர்க்கை மாதத்தில் விளம்பரம் தருவதும் கல்லூரி. பகுதிநேர நிருபருக்குக் கிடைப்பதே சொற்பம். அவர் யாரைப் பகைத்துக்கொள்வார்?

ஆனால் பயிற்சியாளர் கையில் இருக்கும் அதிகாரம் சின்னதல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டுச் சீட்டு, கட்டணச் சலுகை, விடுதி, பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும் பட்டியல், வேலைக்குக் காட்டும் சான்றிதழ் எல்லாம் அவர் வாய்வார்த்தையில் தொங்குகின்றன. பயராபீஸில் சரவெடி பின்னும் அம்மாவின் மகனுக்கு அந்தச் சீட்டு போனால் படிப்பே போச்சு. எங்களிடம் வந்த ஒரு மாணவன், போட்டிக்குப் போகும் பேட்டா காசு ஏன் பாதிதான் வருகிறது என்று கேட்டான். அடுத்த பட்டியலில் பெயர் இல்லை. "உங்க ஆளுங்களுக்கு இடம் குடுத்ததே பெருசு" என்ற வார்த்தையும் கூடவே வந்தது. நல்ல பயிற்சியாளர்களும் உண்டு, சொந்தக் காசில் ஷூ வாங்கித் தருபவர்களை நாங்கள் அறிவோம். நல்லவர் கிடைப்பதும் கெட்டவர் கிடைப்பதும் பிள்ளையின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றால் அதற்குப் பெயர் நிர்வாகமா? பயிற்சியாளர்களுக்கு இந்த நாட்டின் உயர்ந்த விருதே துரோணரின் பெயரில் இருக்கிறது. ஏகலைவனின் கட்டைவிரலைப் பற்றி அந்த விருது விழாவில் யாரும் பேசுவதில்லை.

2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம் என்று ஆலை வெடித்தபோதெல்லாம் பத்திரிகைகள் இங்கே திரண்டு வந்தன. ஆலை உரிமையாளர், போர்மேன், அதிகாரி பெயரெல்லாம் அச்சில் வந்தது. நம் சனம் எண்ணிக்கையாக வந்தது. விளையாட்டுப் பக்கத்திலும் அதே கணக்குதான்.

இந்தியாவில் இதற்கு மாற்று வழி காட்டியவர்கள் உண்டு. நூறு ஆண்டுக்கு முந்தைய பம்பாயில், மதவாரி அணிகள் மோதிய கிரிக்கெட் போட்டிகளில், இந்து அணிக்காக ஆடிய பல்வாங்கர் சகோதரர்கள் சமார் சாதியினர். மூத்தவர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தியவர். அவருக்கே பூனாவில் மண் குவளையில், கூடாரத்துக்கு வெளியேதான் தேநீர். 1920-ல் பாலுவை அணியில் சேர்க்காமல், தம்பி விட்டலுக்கு வர வேண்டிய தலைமையையும் தேர்வாளர்கள் தேவதருக்குக் கொடுத்தபோது, விட்டலும் சிவராமும் விலகினார்கள். ஏன் விலகுகிறோம் என்பதைத் தாங்களே பத்திரிகைக்கு அறிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள்.  இறுதி ஆட்டத்துக்கு மூவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1923-ல் விட்டல் தலைவரானார். (பாலுவின் அரசியலோடு நமக்குச் சண்டை உண்டு. 1937-ல் அண்ணலையே எதிர்த்து நின்று தோற்றவர் அவர். அது வேறு கட்டுரைக்கு.)

பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவும் ஓர் அலுவலரும் வேண்டும் என்று யுஜிசி 2012-லேயே விதி செய்தது. அணித் தேர்வும் பேட்டாவும் அதற்குள் வர வேண்டும். அணிப் பட்டியலை, யார் ஏன் விடப்பட்டார் என்ற குறிப்போடு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்போம். மாவட்ட நிருபர் தோழர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்று: அடுத்த கோப்பைப் படம் எடுக்க வரும்போது, தாளாளர் போன பிறகு பத்து நிமிடம் இருங்கள். பின்வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் பெயரைக் கேளுங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதபோது.