பெரிய கேமரா இப்போதே வேண்டுமா?

பள்ளிப் புகைப்படக் கழகத்தில் ஓரிரு ஆண்டுகள் படமெடுத்துப் பழகிய மாணவருக்கு ஓர் ஆசை எழுவது இயல்பு. கையிலுள்ள சிறிய உணரிக் கேமராவை விற்றுவிட்டு, 'ஃபுல் ஃபிரேம்' எனப்படும் முழுச்சட்டகக் கேமராவுக்கு மாறிவிட வேண்டும் என்பதே அது. "பெரிய கேமராவில்தான் நல்ல படம் வரும்" என்று நண்பர்களும் தூண்டுவார்கள். பெற்றோரின் பணத்தில் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைச் செலவிடும் முடிவு இது. இதில் அவசரம் கூடாது.

ஒளியைப் படமாக மாற்றும் பகுதியே உணரி. முழுச்சட்டக உணரியின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். பழைய 35 மி.மீ. படச்சுருளில் பதிந்த படத்தின் அளவும் அதுவே. மாணவர்கள் பயன்படுத்தும் கேமராக்கள் பலவற்றில் உணரி ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ.தான். பரப்பளவில் முழுச்சட்டகம் இரு மடங்கைவிடச் சற்றுப் பெரியது. ஆகவே, அது பெறும் மொத்த ஒளியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடும். இருட்டில் எடுத்த படங்களில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் அதனால் குறையும். இந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், குறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தைப்பூசத்தையொட்டி, கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு இரவில் வெள்ளி ரதம் புறப்படுகிறது. கேமராவோடு சேர்த்துத் தரப்படும் 18–55 மி.மீ. லென்ஸால் அதை நெருக்கமாக எடுத்தால் படம் மங்கும், கலங்கும். மாணவர் கேமராவைக் குறை சொல்வார். உண்மையில், அந்த லென்ஸின் துளை 55 மி.மீ.-இல் எஃப் 5.6-க்குமேல் விரியாது. எஃப் 1.8 துளையுள்ள 50 மி.மீ. லென்ஸோ அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பெரிய உணரி தருவதோ இரு மடங்குதான்! இந்த லென்ஸின் விலையும் முழுச்சட்டகக் கேமராவின் விலையில் ஒரு சிறு பகுதியே. இதில் குவியம் சற்றுத் தவறினாலும் முகம் தெளிவிழக்கும், பழக வேண்டும்.

கேமராவை மாற்றுவதோடு செலவு முடிவதும் இல்லை. சிறிய உணரிக்கென்றே செய்த லென்ஸை முழுச்சட்டகத்தில் பொருத்தினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். அல்லது கேமரா உணரியின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். பிறகு, கொடுத்த விலைக்கு என்ன பயன்? புதிய லென்ஸ்களும் வாங்க வேண்டியதுதான். அவை பெரும்பாலும் கனமானவை, விலையும் கூடியவை.

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் பறவைகளைப் படமெடுப்பவருக்குச் சிறிய உணரியே கைகொடுக்கும். அதில் 300 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டகத்தில் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் காட்சியை நெருக்கிக் காட்டும்.

திருமண மண்டபங்களிலும் மேடைகளிலும் படமெடுத்து வருமானம் ஈட்டுபவர், நல்ல லென்ஸ் இருந்தும் ஒளி போதாமல் தவித்தால் தாராளமாக மாறலாம். மாணவர் முதலில் ஒரு முழுச்சட்டகக் கேமராவை ஒரு நாளைக்கு இரவல் வாங்கட்டும். ஒரே காட்சியை இரண்டு கேமராக்களிலும் எடுத்து, ஏ4 தாளில் அச்சிட்டு, எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் வீட்டாரிடம் காட்டட்டும்.